மேஜை மேல பிரென் கன்ன எறக்குறது எப்படி? புதுசா மிலிட்டரி ரோல்பிளே நடத்துறவங்களுக்கு

ரைபிளுக்கு ஒரு பகடை டேமேஜ், அப்போ பிரென் மாதிரி லைட் மெஷின் கன்னுக்கு (எல்எம்ஜி) மூணு பகடை. புதுசா மிலிட்டரி ரோல்பிளே கேம் (ஆளுக்கு ஒரு சிப்பாய் வேஷம் எடுத்து மேஜைல பகடை உருட்டி ஆடுற கதை ஆட்டம்) நடத்த உக்கார்றவங்க முக்காவாசிப் பேரு இப்படித்தான் ரூல் எழுதுறாங்க, நானும் அப்படித்தான் எழுதுனேன். முதல் நாள் ஆட்டத்துலயே எல்எம்ஜி கையில வெச்சிருந்தவன் மூணே டர்ன்ல பதினோரு பேர சாய்ச்சுட்டான், மத்த நாலு பேரும் போன நோண்டிட்டு உக்காந்திருந்தாங்க, அன்னிக்கு ஒழுங்கா நடந்த ஒரே வேலை முறுக்கு தட்டு காலியானதுதான்.

அப்புறம் உக்காந்து படிச்சப்பதான் புரிஞ்சுது, எல்எம்ஜியோட வேலை ஆள கொல்றதே இல்ல, அது ரெண்டாம்பட்சம். எதிராளிய தலை தூக்க விடாம அமுக்கி வெக்கணும், அவன் மண்ண மோந்துட்டு கெடக்குற அந்த நேரத்துல நம்ம ஆளுங்க பக்கவாட்டுல சுத்திப் போயிரணும். இத மட்டும் ரூல்ல கொண்டு வந்துட்டீங்கன்னா மேஜைல இருக்குற அஞ்சு பேருக்கும் வேலை இருக்கும். கீழ சொல்றது எல்லாம் இந்த ஒரு விஷயத்த எப்படி பகடைக்கும் பேப்பருக்கும் கொண்டு வர்றதுங்கறதுதான்.

முதல்ல ஒரு எடத்தையும் காலத்தையும் முடிவு பண்ணிக்கங்க. "மாடர்ன் மிலிட்டரி"ன்னு பொதுவா ஆரம்பிச்சா முப்பது விதமான துப்பாக்கி வந்து நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தன் இன்டர்நெட்ல பாத்துட்டு வந்து சண்டை போடுவான். நான் எடுத்துக்கிட்டது 1944 பர்மா எல்லை, கோஹிமா இம்பால் பக்கம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்து செக்ஷன் (சின்னக் குழு) ஒண்ணு, எதிர்ல ஜப்பான் படை. காடு, மழை, சேறு, இருபது முப்பது மீட்டருக்கு மேல எதுவும் தெரியாது, அதனால ரேஞ்சு கணக்குல மண்டைய உடைச்சுக்க வேண்டியதில்ல. நம்ம பக்கம் பல வீடுகள்ல பர்மாவுல இருந்து நடந்தே வந்த தாத்தா பாட்டி கதை ஒண்ணு இருக்கும்ல, அதனால பிளேயர்ஸ்க்கும் எடம் அந்நியமா தோணாது. ஐஎன்ஏ (நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்) பக்கம் மலாயாவுல இருந்து போன தமிழ் ஆளுங்களும் பர்மா சண்டைல இருந்தாங்க, அதையும் கதைக்குள்ள கொண்டு வரலாம், ஆனா முதல் ஆட்டத்துல வேணாம், ரூலே இன்னும் கைக்கு பழகியிருக்காது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். நம்ம செக்ஷன்ல சுமார் பத்து பேரு, அவங்களுக்கு ஒரே ஒரு பிரென் கன். செக் நாட்டு பிர்னோவுல செஞ்ச துப்பாக்கிய இங்கிலாந்து என்ஃபீல்டுல மாத்தி எடுத்தது, ரெண்டு ஊரு பேரோட முதல் எழுத்துங்கள ஒட்டித்தான் பிரென். எடை சுமார் 10 கிலோ, த்ரீ நாட் த்ரீ (.303 அங்குல) தோட்டா, மேல இருந்து மாட்டுற வளைஞ்ச மேகசின் (தோட்டா பெட்டி). மேகசின்ல 30 புடிக்கும் ஆனா பழகினவங்க 28தான் போடுவாங்க, ஸ்ப்ரிங் அமுங்கிப் போகக்கூடாதுன்னு. த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடில விளிம்பு உண்டு, அத தப்பா அடுக்கிட்டா ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணு பின்னால சிக்கிரும், துப்பாக்கி நின்னுரும், அதுவும் ஒரு ஜாம்தான். இந்திய யூனிட்டுங்க சிலதுல பிரென்னுக்கு முன்னாடி விக்கர்ஸ் பெர்தியர் இருந்துச்சு, 1933ல எடுத்தது, இஷாப்பூர்ல செஞ்சது, பாக்க பிரென் மாதிரியே இருக்கும். கேம்ல ரெண்டுக்கும் ஒரே ரூல் போதும், வித்தியாசம் காட்டப் போய் நேரத்த வீணாக்காதீங்க.

இப்போ முக்கியமான கணக்கு. எல்லாரும் முதல்ல பாக்குறது நிமிஷத்துக்கு எத்தன தோட்டான்னு, பிரென்னுக்கு சுமார் 500. அந்த நம்பர அப்படியே கேம்ல போட்டீங்கன்னா கெட்டீங்க. 28 தோட்டா மேகசின், 500 வேகத்துல டிரிகர அழுத்திப் புடிச்சா மூணரை செகண்டுல காலி, அப்படி யாரும் சண்டை போடல. அவங்களுக்கு சொல்லிக்குடுத்தது, சாதாரணமா நிமிஷத்துக்கு ஒரு மேகசின், நாலு அஞ்சு தோட்டாவா விட்டு விட்டு. அவசரம்னா நிமிஷத்துக்கு நாலு மேகசின். இந்த ரெண்டு நம்பர்லயே உங்க கேமோட முதுகெலும்பு இருக்கு, எப்படின்னா ஒரு டர்ன 15 செகண்டுன்னு வெச்சுக்கங்க. அவசரமா அடிச்சா ஒரு டர்னுக்கு ஒரு மேகசின், நிதானமா அடிச்சா ஒரு மேகசின் நாலு டர்ன் வரும். தோட்டாவ எண்ணவே வேணாம், மேகசின மட்டும் எண்ணுனா போதும்.

எண்ண நான் புளியங்கொட்டை வெச்சிருக்கேன். ஒரு கொட்டை ஒரு மேகசின். பேப்பர்ல பென்சிலால அடிச்சு அடிச்சு எழுதுறத விட இது நூறு மடங்கு மேல், கண்ணு முன்னாடி குமிஞ்சு கெடக்குறது கொறையக் கொறைய பிளேயர் மூஞ்சி மாறும் பாருங்க. செக்ஷன்ல ரைபிள்காரங்க ஒவ்வொருத்தரும் தன் தோட்டா போக பிரென்னுக்காக ரெண்டு மேகசின் சுமப்பாங்க, நெஞ்சுப் பக்கம் மாட்டுற அந்த பெரிய பவுச்சே பிரென் மேகசின் உள்ள போற அளவுக்குத்தான் தெச்சது. அதனால கொட்டைய எல்லாம் பிரென்காரன் முன்னாடி குவிக்காதீங்க, தலைக்கு ரெண்டுன்னு பிரிச்சுக் குடுங்க. கணக்குக்கு எளிசா பத்து பேருக்கு இருபது. அவசர வேகத்துல போனா இருபது டர்ன், அதாவது அஞ்சே நிமிஷம், முடிஞ்சுது. அப்போ பிரென்காரன் திரும்பிப் பாத்து "மாப்ள உன்கிட்ட ஏதாவது இருக்கா"ன்னு கெஞ்சணும், இவன் ஊர்ந்து போய் குடுக்கணும், இல்ல தூக்கிப் போடணும். தூக்கிப் போட்டா ரெண்டு பகடை உருட்டி 6க்கு மேல, தவறுனா சேத்துல விழுந்துச்சு, தொடைக்காம மாட்டுனா ஜாம் வாய்ப்பு கூடும். ஒரு மேகசின் தூக்கிப் போட்டத வெச்சு எங்க மேஜைல ஒரு ராத்திரி முழுக்க பேசிட்டு இருந்தோம்.

பகடைன்னா ஸ்பெஷல் எதுவும் வேணாம், லூடோ டப்பால இருக்குற ஆறு பக்கப் பகடை ரெண்டு போதும். ரெண்டையும் சேத்து உருட்டி கூட்டிக்கணும், எல்லாமே இந்த ஒரே உருட்டல்தான்.

அடுத்து சுடுற ரூல். ஆளப் பாத்து சுடுறது ரைபிளுக்கு. எல்எம்ஜி எடத்தப் பாத்து சுடும். கட்டம் போட்ட பேப்பர்ல பிளேயர் ஒரு பட்டைய காட்டணும், நிதானமா அடிச்சா ரெண்டு கட்டம் அகலம், அவசரமா அடிச்சா மூணு கட்டம். அந்தப் பட்டைக்குள்ள யாரு இருந்தாலும், நம்ம ஆளா இருந்தாலும் சரி, ஆளுக்கு ஒரு தைரிய உருட்டல். நிதான சூடுன்னா 7, அவசர சூடுன்னா 9, இல்ல அதுக்கு மேல எடுக்கணும். மரம், மண்திட்டுக்குப் பின்னாடி இருந்தா 1 கூட்டிக்கலாம், பங்கர் இல்ல குழிக்குள்ள இருந்தா 3. பழைய சிப்பாய்க்கு 1 இல்ல 2 சேத்துக் குடுங்க. வெறும் பகடைல 7ஓ அதுக்கு மேலயோ வர்றது நூத்துக்கு 58 தடவை, 9ஓ அதுக்கு மேலயோ வர்றது 28 தடவைதான், அதனால அவசர சூடு நெஜமாவே பயமுறுத்தும், அதுக்கு வெலையா கொட்டையும் பறக்கும்.

தவறுனா ஆளு அமுங்கிட்டான். அடுத்த டர்ன்ல ஒரு கட்டம் ஊரலாம், குறி வெச்சு சுட முடியாது, அவ்ளோதான். அடி படுறது தனிக் கணக்கு, பட்டைக்குள்ள நிமிந்து நிக்கிறவனுக்கும் ஓடுறவனுக்கும் சுடுறவன் உருட்டி 10 எடுத்தா அடி, அவசர சூடுன்னா 9. அமுங்கிக் கெடக்குறவன் மேல படணும்னா 12தான், முப்பத்தாறுல ஒரு தடவை. பாத்தீங்களா, இங்கதான் விஷயமே இருக்கு, ஒழுங்கா படுத்துட்டவன் பெரும்பாலும் பொழச்சுக்குவான், ஆனா சண்டைல இல்ல.

இந்த எடத்துல பிளேயர்ஸ் கண்டிப்பா மொறைப்பாங்க. ஜப்பான் பக்க எல்எம்ஜி இவங்க மேல அடிக்கும்போது இவங்களும் தைரிய உருட்டல் போடணும்ல, "என் கேரக்டர் அதுக்கெல்லாம் பயப்பட மாட்டான் சார்"னு ஒருத்தன் எந்திரிப்பான். பகடை சொன்னா சொன்னதுதான்னு அடம் புடிச்சேன் ஆரம்பத்துல, வேலைக்கு ஆகல, தன் கேரக்டர் மேல தனக்கே புடி இல்லன்னா எவனுக்கும் கடுப்பாத்தான் ஆகும். இப்போ வேற மாதிரி செய்றேன், உருட்டல் தவறுனா ரெண்டுல ஒண்ணு நீயே எடுத்துக்கோ. படுத்துக்கோ, இல்ல எந்திரிச்சு நெனச்சத செய், ஆனா உன் மேல சுடுறவனுக்கு 2 கூடுதல். வீரம் பேசுறவன் முதல் தடவை எந்திரிப்பான், ரெண்டாவது தடவை யாரும் சொல்லாமலே படுத்துருவான்.

இனி ரெண்டு பேரு விஷயம். பிரென் கன்னுக்கு நம்பர் ஒன், நம்பர் டூன்னு ரெண்டு பேரு, பக்கத்துலயே ஒரு லான்ஸ் நாயக் (சிப்பாய்க்கு ஒரு படி மேல இருக்குறவரு) இருந்து சொல்லுவாரு. நம்பர் டூ மேகசின் மாத்துவான், மாத்து பேரல் (குழல்) சுமப்பான். ரூல் எளிசு, நம்பர் டூ பக்கத்துல இருந்தா மேகசின் மாத்துறதுக்கு நேரமே போகாது, இல்லன்னா நம்பர் ஒன்னுக்கு ஒரு முழு டர்ன் போச்சு. ஆனா இதுல ஒரு சிக்கல், நம்பர் டூவா ஆடுறவனுக்கு செம போர். "மாட்டினேன், மாட்டினேன், மாட்டினேன்"னு மூணு மணி நேரம் எவன் சொல்லுவான்? அதனால பட்டை எங்க விழணும்னு காட்டுற உரிமைய நம்பர் டூகிட்ட குடுத்துட்டேன். சுடுறவன் குறிக்குள்ள கண்ண வெச்சிருப்பான், சுத்திப் பாக்குறது பக்கத்துல இருக்குறவன்தானே. பட்டைய நம்பர் டூ காட்டுனா எதிராளியோட தைரிய உருட்டல்ல 1 கொறையும். இப்போ ரெண்டு பேரும் வாக்குவாதம் பண்ணிக்கிட்டே ஆடுறாங்க, மேஜைல பாக்க சூப்பரா இருக்கும்.

பேரல் சூடாகுறது பத்தி எல்லா கேம்லயும் பெரிய டேபிள் போட்டிருப்பாங்க. பிரென்னுக்கு அது பெருசா தேவையில்லங்கறது என் கருத்து. அவசர வேகத்துல தொடர்ந்து பத்து மேகசின் போனா பேரல் மாத்தணும்னு வெச்சுக்கங்க, அதாவது நம்ம கணக்குல பத்து டர்ன் நிக்காம அடிக்கணும், சின்ன சண்டைல அவ்ளோ தூரம் போகவே போகாது. ராத்திரி பூரா எடத்த காக்குற மாதிரி ஆட்டம்னா மட்டும் கொட்டைங்கள ஒரு கிண்ணத்துல போட்டுட்டு வாங்க, பத்து சேந்ததும் நம்பர் டூ ஒரு டர்ன் செலவு பண்ணி பேரல் மாத்தணும், மாத்தலன்னா ஒவ்வொரு டர்னும் ஜாம் பாக்கணும்.

ஜாம் மட்டும் விடாதீங்க, அதுதான் ருசி. சுடும்போது ரெண்டு பகடைலயும் ஒண்ணு ஒண்ணு விழுந்தா நின்னுருச்சு. தாயக்கட்டைல தாயம் விழுந்தா சந்தோஷம், இங்க தாயம் விழுந்தா துக்கம். அப்போ பிளேயர் வாயால வரிசையா சொல்லணும்: மேகசின் கழட்டு, காக் பண்ணு (கைப்பிடிய பின்னால இழு), மேகசின் மாட்டு, சுடு. வரிசை தப்பாம சொன்னா அதே டர்ன்ல சரியாயிரும், ஒளறுனா ஒரு டர்ன் போச்சு. நெஜமாவே சிப்பாய்ங்களுக்கும் இந்த மாதிரி ஒரு வரிசைய மனப்பாடமா சொல்லிக்குடுத்தாங்க. சரி பண்ணுன ஒடனே மறுபடி நின்னா கேஸ் (துப்பாக்கிய இயக்குற வெடிப்புகை) அடைப்பு, பேரல் கீழ இருக்குற கேஸ் ரெகுலேட்டர பெரிய ஓட்டைக்கு திருப்பணும், அதுக்கு ரெண்டு டர்ன்.

எதிர் பக்கம் என்ன வெக்கிறது? ஜப்பான்காரங்ககிட்ட மூணு எல்எம்ஜி, மூணும் மூணு குணம், பிளேயர் ஒரு சத்தத்துலயே கண்டுபுடிக்கிற மாதிரி வித்தியாசம் காட்டலாம். டைப் 96, 6.5 மிமீ, பிரென் மாதிரியே மேல மேகசின், 30 தோட்டா, தோட்டாவுக்கு எண்ணெய் தடவணும், எண்ணெய்ல மண்ணு ஒட்டும், அதனால பகடை 3, அதுக்குக் கீழ வந்தாலே ஜாம். டைப் 99, 7.7 மிமீ, எண்ணெய் தொல்லை இல்ல, பிரென்னுக்கு சமமா வெச்சுக்கங்க. இந்த ரெண்டுலயும் முன்னாடி பேயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டலாம், பத்து கிலோ துப்பாக்கில பேயோனெட், கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா ஆட்டத்துல அவங்க எல்எம்ஜிக்காரன் கிட்ட வந்தாலும் கையால ஆகாதவன் இல்லன்னு ஆயிரும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது டைப் 11, 1922ல வந்த பழசு. இதுக்கு மேகசினே கெடையாது, பக்கத்துல ஒரு தொட்டி மாதிரி இருக்கும், அதுல ரைபிளுக்கு போடுற அஞ்சு தோட்டா கிளிப்ப அப்படியே ஆறு அடுக்கலாம். யோசனை அருமை, எந்த சிப்பாய்கிட்ட இருந்தும் கிளிப் வாங்கிப் போட்டுக்கலாம். ஆனா தொறந்த தொட்டி, எண்ணெய், பர்மா சேறு, மூணும் சேந்தா என்ன ஆகும்? பகடை 4, அதுக்குக் கீழ வந்தா ஜாம்னு வெச்சிருக்கேன், ஆறுல ஒரு தடவை நின்னுரும். பின்வரிசைல இருக்குற ஜப்பான் குழுவுக்கு இதக் குடுங்க, அது நிக்கிற அந்த ஒரு டர்ன்ல பாயலாமா வேணாமான்னு பிளேயர்ஸ் தவிக்கிறதுதான் ஆட்டமே.

கூடவே ஒரு பொறி. சண்டை முடிஞ்சதும் பிளேயர்ஸ் டைப் 99ஐ எடுத்துக்கிட்டு "த்ரீ நாட் த்ரீயும் 7.7 மிமீதானே, நம்ம தோட்டாவே போடலாம்"னு புத்திசாலித்தனமா சொல்லுவாங்க. குறுக்களவு ஒண்ணுதான், ஆனா தோட்டா கூடு வேற, ஜப்பான் ராணுவத்து 7.7 நீளமா விளிம்பு நீட்டாம இருக்கும், உள்ள போகாது. எடுத்துக்கட்டும், பத்து கிலோ சுமக்கட்டும், அடுத்த ஆட்டத்துல சொல்லுங்க.

பிரென்காரன் ஒரே எடத்துல படுத்துக்கிட்டு ஆட்டத்த முடிச்சுறக்கூடாதுன்னா இன்னொரு ரூல் வேணும். ஜப்பான் சிப்பாய்ங்ககிட்ட டைப் 89ன்னு 50 மிமீ குட்டி கிரனேட் டிஸ்சார்ஜர் (குண்டு எறியுற குழாய்) இருந்துச்சு, ஒருத்தன் கையில தூக்கிட்டே ஓடலாம். பிரென் ஒரே எடத்துல இருந்து மூணு டர்ன் சுட்டா, மூணாவது டர்ன் முடிவுல நீங்க உருட்டுங்க, 8 வந்தா தலைல குண்டு விழுது. முதல் தடவை முன்னாடியே எச்சரிச்சுருங்க, "தூரத்துல டொக்குனு ஒரு சத்தம்"னு. ரெண்டாவது ஆட்டத்துல இருந்து அவங்களே எடம் மாறிட்டு இருப்பாங்க.

ராத்திரி ஆட்டத்துக்கு வேற மனசு வேணும். ஜப்பான் படை இருட்டுல கூச்சல் போட்டு, கல்ல வீசி, வேட்டு வெடிச்சு இந்தப் பக்கத்து ஆளுங்கள பதற வெச்சு சுட வெப்பாங்க, மெஷின் கன் எங்க இருக்குன்னு அந்த வெளிச்சத்துல தெரிஞ்சுக்கத்தான். அதனால ராத்திரில சுடாம இருக்குறதுதான் தெறமை. நான் லைட்ட அணைச்சுட்டு மேஜைக்கு அடில எங்கயாவது தட்டுவேன், பிரென்காரன் தைரிய உருட்டல் 7 எடுக்கணும், இல்லன்னா கை டிரிகர அழுத்திருச்சு, அவன் எடம் எதிரி மேப்ல ஏறிருச்சு. ஒரு தடவை எங்க ஆளு பதறி ஒரு முழு மேகசின காலி பண்ணுனது காட்டுப்பன்னி மேல.

வேற காலத்துக்கு மாத்தணும்னாலும் இதே வழிதான், நிமிஷத்துக்கு எத்தனன்னு விளம்பர நம்பர விட்டுட்டு, எதுல தோட்டா வருது, பேரல் மாத்த முடியுமா, எத்தன பேரு சுமக்குறாங்க, இந்த மூணையும் பாருங்க. ஜெர்மன் எம்ஜி 42ன்னா தோட்டா கோத்த பெல்ட்டு, நிமிஷத்துக்கு 1200 பக்கம், அங்க பேரல் சூடு ரூல் கட்டாயம் வேணும். ரஷ்யன் ஆர்பிகேவுக்கு பேரல் கழட்டவே முடியாது, அதனால அது கொஞ்சம் பெரிய ரைபிள் மாதிரிதான், லேசா இருக்கும், ஓடிக்கிட்டே அடிக்கலாம், நீளமா தாங்காது. அமெரிக்கன் எம் 249க்கு 200 தோட்டா பெல்ட் பெட்டி, அங்க புளியங்கொட்டை ஒண்ணுக்கு ஒரு பெட்டின்னு வெச்சா கொட்டை கொறையவே கொறையாது, பெட்டிய நாலா பிரிச்சு 50 தோட்டாவுக்கு ஒரு கொட்டை வெச்சுக்கங்க.

முதல் ஆட்டத்துக்கு மேப் பெருசா வேணாம். பன்னெண்டுக்குப் பன்னெண்டு கட்டம், நடுவுல ஒரு ஓடை, அந்தக் கரைல ஒரு பங்கருக்குள்ள ஒரு டைப் 99ஓட நாலு பேரு, இந்தக் கரைல உங்க பிளேயர்ஸ். பங்கர்ல இருக்குறவனுக்கு தைரிய உருட்டல்ல 3 கூடுதல்ங்கறதால நிதான சூட்டுக்கு மசியமாட்டான், நாலு வந்தா போதும் அவனுக்கு, நம்பர் டூ பட்டை காட்டுனா அஞ்சு. அவசர சூடுதான் வழி, அப்பவும் நம்பர் டூ காட்டணும். அந்த நேரத்துல ரெண்டு பேரு ஓடையோரமா ஊர்ந்து போய் கிரனேட் போடணும், பட்டைக்குள்ள அவங்களே மாட்டிக்கக்கூடாது, எப்போ சூட்ட நிறுத்தணும்னு கத்தி சொல்லணும். இருபது கொட்டை குடுத்துறாதீங்க, ஆறு குடுங்க. அஞ்சாவது கொட்டை கிண்ணத்துல விழுறப்ப ஓடையோரம் போனவங்க இன்னும் ரெண்டு கட்டம் பின்னாடிதான் இருப்பாங்க, எங்க மேஜைல மூணு தடவை ஓட்டிப் பாத்தேன், மூணு தடவையும் அப்படித்தான்.